கப்பலில் செக் மாற்ற முடியுமா? உச்சிப்புளி அக்காவுக்கு ஒரு பதில்

கேள்வி: தம்பிக்கு வணக்கம். நான் தபால் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊர் உச்சிப்புளி. மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். வருகிற நவம்பரில் என்னையும் என் வீட்டுக்காரரையும் நாத்தனாரையும் நான்கு இரவு கப்பல் பயணம் கூட்டிப்போகிறார்கள். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்ப சிங்கப்பூர். டிக்கெட் எல்லாம் மருமகன் போட்டுவிட்டார். மேற்செலவுக்கும் அவரிடமே கை நீட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. பென்ஷன் பணம் வங்கியில் இருக்கிறது, ஆனால் எனக்கு ஏடிஎம் கார்டு பழக்கம் கிடையாது, செக் எழுதித்தான் எடுப்பேன். முன்பு கப்பலில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரின் நண்பர், "செக் புக்கைக் கொண்டு போங்கள், கப்பலில் பர்சரிடம் கொடுத்தால் பணம் தருவார்" என்கிறார். அது சரியா? எவ்வளவு பணம், எப்படிக் கொண்டு போவது? (வாசகி, உச்சிப்புளி)

அக்காவுக்கு வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். முடியாது. நம் ஊர் வங்கிச் செக்கை எந்தப் பயணிகள் கப்பலிலும் பணமாக்கித் தர மாட்டார்கள், நூறு ரூபாய்க்குக்கூட. ஆனால் உங்கள் கடிதத்தில் செக்கை விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. மருமகனிடம் கை நீட்டாமல், கார்டுக்கும் பயப்படாமல், நான்கு நாள் என் பணத்தில் நான் செலவு செய்து வர முடியுமா என்பதுதான் அது. முடியும். தாராளமாக முடியும். அதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன்.

நான் மண்டபத்துக்காரன். பதினான்கு வருடம் பயணிகள் கப்பல்களில் பர்சர் அலுவலகத்தில் இருந்தேன், அதில் பாதிக்கு மேல் காசாளராக. இப்போது ராமநாதபுரத்தில் வெளிநாடு போகிறவர்களுக்குப் பண விஷயத்தில் வழி சொல்வதுதான் என் தொழில். அதனால் இந்தக் கேள்வியை நான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றும் பார்த்திருக்கிறேன், இந்தப் பக்கம் நின்றும் பார்த்திருக்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டுக்காரரின் நண்பரைப் பற்றி. அவர் சொன்னது பொய் இல்லை, அவர் காலத்தில் அது நடந்ததுதான். பர்சர் என்றால் கப்பலின் கணக்குப்பிள்ளை மாதிரி, பணம், பாஸ்போர்ட், பயணிகள் புகார் எல்லாம் அவர் கையில். அமெரிக்கப் பயணிகள் நிறைய ஏறும் கப்பல்களில் அவர்கள் தங்கள் நாட்டு வங்கியின் சொந்தச் செக்கை எழுதிக் கொடுத்தால், ஒரு சிறிய வரம்புக்குள் டாலராகக் கொடுப்பார்கள். செக் எழுதுகிறவரின் வங்கியும் கப்பல் நிறுவனத்தின் வங்கியும் ஒரே நாட்டில் இருந்தன, பயணியின் முகவரி டிக்கெட்டிலேயே இருந்தது, அதனால் அந்தத் துணிச்சல். அப்படி இருந்தும் சில செக் பணமில்லாமல் திரும்பி வரும், அதற்குள் பயணி வீடு போய்ச் சேர்ந்திருப்பார், கப்பல் வேறொரு துறைமுகத்தில் இருக்கும், யாரைப் போய்க் கேட்பது? கார்டு பரவலான பிறகு நிறுவனங்கள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டன. 1891-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கொண்டுவந்த டிராவலர்ஸ் செக் நூறு வருடம் உலகத்தைச் சுற்றியது, இன்று அதைக் கொடுத்தால் கவுண்டரில் இருக்கும் இளம்பிள்ளைகள் அது என்ன என்று புரட்டிப் பார்ப்பார்கள். பர்சர் கவுண்டர் என்ற பெயரே போய், கெஸ்ட் சர்வீசஸ் என்று பலகை மாட்டிவிட்டார்கள். சிங்கப்பூர் நகரத்திலேயே 2023 நவம்பரிலிருந்து பெரிய வங்கிகள் செக்குக்குக் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டன, ஆளை அதிலிருந்து விலக்கத்தான்.

நம் செக்குக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. நீங்கள் தபால் துறையில் இருந்தவர், சொன்னால் உடனே புரியும். மணியார்டர் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு தபால் நிலையம் இருந்து, அது நம் துறைக்குக் கட்டுப்பட்டிருந்தால்தானே பட்டுவாடா ஆகும்? செக்கும் அப்படித்தான். நாம் எழுதும் செக்கின் படம் இந்திய வங்கிகளுக்கு இடையே ஓடும் கிளியரிங்கில் மட்டும் செல்லும். கப்பலோ பஹாமாஸிலோ பனாமாவிலோ பதிவானதாக இருக்கும், அதன் கணக்கு டாலரில் இருக்கும். அந்தக் கவுண்டருக்கு உங்கள் செக் வெறும் கையெழுத்துப் போட்ட காகிதம். உங்கள் கணக்கில் எத்தனை லட்சம் இருந்தாலும் அதைப் பார்க்க அவர்களுக்கு வழி இல்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை நம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என் கவுண்டருக்கு வந்தார். எழுபது வயது இருக்கும். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் நான் தமிழன் என்று தெரிந்து அப்படி ஒரு நிம்மதி அவர் முகத்தில். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய செக் புத்தகத்தை எடுத்தார். மறுநாள் கரையில் இறங்கிப் பேரனுக்கு ஏதாவது வாங்க வேண்டும், ஐம்பது டாலர் போதும், எவ்வளவு ரூபாய்க்கு எழுதட்டும் தம்பி என்று கேட்டார். அவர் கணக்கில் நான்கு லட்சம் இருந்தது, பாஸ்புக்கையும் கொண்டு வந்திருந்தார், பிரித்துக் காட்டினார். கையில் ஒரு டாலர் கிடையாது. மகன் குடும்பத்தோடுதான் வந்திருந்தார், ஆனால் மகனிடம் கேட்க மனமில்லாமல்தான் என்னிடம் வந்திருக்கிறார். நான் எப்படிச் சொன்னாலும் அவருக்கு அது அவமானமாகத்தான் போயிற்று. "சரி தம்பி, உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன்" என்று செக் புத்தகத்தைத் திரும்பச் சுற்றி வைத்துக்கொண்டு போனார். மறுநாள் அவர் கப்பலை விட்டு இறங்கவே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவர்தான் கண்ணில் வந்தார். உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

இப்போது கப்பலில் பணம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஏறும்போது ஆளுக்கு ஒரு கார்டு கொடுப்பார்கள். அறைச் சாவியும் அதுதான், அடையாள அட்டையும் அதுதான், உங்கள் பற்று வரவும் அதில்தான். நம் ஊர் மளிகைக் கடையில் நோட்டுப் போட்டு எழுதி வைப்பது போல, காப்பி குடித்தால், போட்டோ வாங்கினால், அந்தக் கார்டைத் தேய்த்துக் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். கப்பலுக்குள் கடையில் நோட்டை நீட்டினால் வாங்க மாட்டார்கள். கடைசி நாள் மொத்தமும் தீர்க்க வேண்டும். அதற்கு ஈடாக முதல் நாளே ஒரு கிரெடிட் கார்டைப் பதியச் சொல்வார்கள். எல்லோரும் சொல்வது இத்தோடு நின்றுவிடும்.

சொல்லாமல் விடுவது இதைத்தான்: கார்டு இல்லாதவர்கள் ரொக்கமாக முன்பணம் கட்டலாம். பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் இதை ஏற்றுக்கொள்கின்றன. கெஸ்ட் சர்வீசஸ் கவுண்டருக்குப் போய் "கேஷ் டெபாசிட்" என்று சொன்னாலே போதும், அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் ஆங்கிலம் வேண்டாம். நோட்டை எண்ணி வாங்கி, ரசீது கொடுத்து, உங்கள் கணக்கில் வரவு வைப்பார்கள். செலவாகச் செலவாக அதில் கழியும். தீர்ந்தால் கார்டு மேற்கொண்டு வேலை செய்யாது, இன்னும் கொஞ்சம் கட்டினால் மறுபடி ஓடும். மிச்சத்தைக் கடைசி இரவோ இறங்கும் காலையோ நோட்டாகத் திருப்பித் தருவார்கள். கட்டிய தொகைக்கு மேல் ஒரு காசு போகாது என்பதால், என்னைக் கேட்டால், கார்டு பழக்கம் இல்லாதவர்களுக்கு இதை விட நிம்மதியான ஏற்பாடு கிடையாது. இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, என் கவுண்டரில் தினமும் நடந்த வேலை. ரசீதை மட்டும் இறங்கும்வரை பத்திரமாக வையுங்கள்.

மகளிடம் இன்றே இரண்டு விஷயம் கேளுங்கள். கப்பல் கணக்கு அமெரிக்க டாலரிலா, சிங்கப்பூர் டாலரிலா? சிங்கப்பூரில் கிளம்பும் கப்பல்களில் இரண்டு விதமும் உண்டு, நீங்கள் எந்த நோட்டைக் கொண்டு போக வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. அடுத்தது, டிக்கெட்டில் கிராச்சுட்டி சேர்ந்திருக்கிறதா? வேலை பார்த்துவிட்டு வாங்கும் பணிக்கொடை இல்லை இது. அறை சுத்தம் செய்கிறவர், சாப்பாடு பரிமாறுகிறவர் எல்லோருக்கும் சேர்த்து நாள் கணக்கில் ஆளுக்கு இவ்வளவு என்று கப்பலே உங்கள் கணக்கில் ஏற்றும் தொகை. பெரிய நிறுவனங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை வரும். 18 டாலர் என்று வைத்தால் மூன்று பேருக்கு நான்கு இரவுக்கு 216 டாலர், ரூபாயில் 18,000-க்கு மேல். நீங்கள் ஒரு காப்பிகூட வாங்காமல் இருந்தாலும் இது ஏறும். கடைசி நாள் கவுண்டரில் நான் பார்த்த சண்டையில் பாதி இதனால் வந்ததுதான், யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் வந்தது. மருமகன் டிக்கெட்டோடு கட்டியிருந்தால் கவலை இல்லை.

இந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கவுண்டரில் வாதாடுகிறவர்களைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அது பெரும்பாலும் கீழ்த்தட்டில் வேலை செய்கிற பிள்ளைகளுக்குப் போகிற பணம். ஏழு எட்டு மாதம் வீட்டை விட்டு வந்து, ஜன்னல் இல்லாத அறையில் இரண்டு மூன்று பேராகப் படுத்து எழுகிற பிள்ளைகள், நம் மாவட்டத்துப் பையன்களும் அதில் உண்டு. உங்களுக்கு நன்றாகச் செய்தார்கள் என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். அறைப் பையனுக்குத் தனியாக ஐந்து டாலர் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது.

கிராச்சுட்டி சேராமல் இருந்தால் மூவருக்கும் சேர்த்து 400 டாலர் முன்பணம் போதும். சேர்ந்திருந்தால் 150-லிருந்து 200. மூன்று வேளைச் சாப்பாடு, டீ, தண்ணீர் எல்லாம் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் டிக்கெட்டுக்குள்ளேயே வந்துவிடும். தனி ஓட்டல், பாட்டில் பானம், மசாஜ் இதற்கெல்லாம்தான் காசு, அதிலும் விலைக்கு மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம் தானாகச் சேரும், சில கப்பல்களில் 20. அறைக்குள் மேசை மேல் அழகாக வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலை எடுக்கும் முன் அதன் கழுத்தில் விலைச்சீட்டு தொங்குகிறதா என்று நாத்தனாரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முன்பணத்தில் அடங்காத ஒரே பெரிய செலவு மருத்துவம். கப்பலில் டாக்டர் உண்டு, நல்ல டாக்டர்தான், ஆனால் இலவசம் இல்லை. ஒரு வயிற்றுப்போக்குக்கு டிரிப் ஏற்றினாலே சில நூறு டாலர் ஆகலாம், அது அப்படியே உங்கள் கணக்கில் ஏறும். பயண இன்சூரன்ஸ் எடுத்திருந்தாலும் பெரும்பாலும் முதலில் நீங்கள் கட்டிவிட்டு, பில்லையும் டாக்டர் அறிக்கையையும் கொண்டு வந்து இங்கே வாங்க வேண்டியதுதான். அதனால் இன்சூரன்ஸ் எடுக்காமல் ஏறாதீர்கள். உங்கள் மூவருக்கும் பிரஷர், சர்க்கரை எது இருந்தாலும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் பிறகு பணம் வராது. மாத்திரையை நான்கு நாளைக்கு இல்லாமல் பத்து நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் மகளின் கார்டு பின்னால் இருக்கட்டும், அதில் கௌரவம் பார்க்க வேண்டாம் அக்கா. அப்படிச் செலவானால் அதைத் திருப்பிக் கொடுக்கவும் வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் பெயரிலேயே ஒரு கார்டு இருந்தால் நல்லது என்பது என் எண்ணம். பென்ஷன் கணக்குக்கு வங்கி ஏற்கெனவே கார்டு அனுப்பியிருக்கும், உறை பிரிக்காமல் பீரோவில் கிடக்கும். எடுத்துப் பாருங்கள். வெறும் ரூபே முத்திரை என்றால் பெரும்பாலும் இந்தியாவுக்குள்தான் ஓடும், வெளியே அதை நம்ப முடியாது. விசா, மாஸ்டர்கார்டு என்றால் வெளியே ஓடும், ஆனால் 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும், கிளையில் சொல்லித் திறக்கச் சொல்ல வேண்டும். பின் எண் போட்டு, ராமநாதபுரத்திலேயே ஏடிஎம்மில் ஐநூறு ரூபாய் எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள். முப்பது வருடம் மணியார்டரும் சேமிப்புக் கணக்கும் பார்த்த கைக்கு இது பெரிய வித்தை இல்லை. ஆனால் அந்தக் கார்டை கப்பல் கணக்குக்குப் பதியாதீர்கள். கப்பல், உத்தேசத் தொகையைப் பிடித்து வைக்கும். கிரெடிட் கார்டில் அது வரம்பில்தான் குறையும், டெபிட் கார்டிலோ உங்கள் சொந்தப் பணமே முடங்கும், பயணம் முடிந்து பல நாள் கழித்துத்தான் விடுபடும். முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைக்கும் ப்ரீபெய்டு ஃபாரெக்ஸ் கார்டுக்கும் இதே கதைதான். கார்டு கரையில் அவசரத்துக்கு மட்டும். கரைக் கடையில் தேய்க்கும்போது "ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா" என்று இயந்திரம் கேட்டால் உள்ளூர்ப் பணம் என்று சொல்லுங்கள். ரூபாய் என்று பார்க்கத் தெரிந்த கணக்காக இருக்கும், ஆனால் அந்த ரேட்டில் கடைக்காரர் பக்கம் ஒரு கூடுதல் லாபம் ஒளிந்திருக்கும்.

கப்பலிலும் ஏடிஎம் இருக்கும், சூதாட்டக் கூடத்துப் பக்கமாக வைத்திருப்பார்கள். கட்டணம் அதிகம். போகாதீர்கள்.

இனி டாலர் வாங்குவது. உங்கள் செக் புத்தகத்துக்கு உண்மையான வேலை இங்கேதான். வெளிநாட்டுப் பணம் வாங்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாகக் கட்ட முடியாது, கிராஸ் செய்த செக்காகவோ வங்கி வழியாகவோதான் கட்ட வேண்டும் என்பது விதி. எனவே உங்கள் வங்கிக் கிளையிலோ, ராமநாதபுரம், கீழக்கரை, மதுரை எங்கேயாவது ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற பணமாற்று நிறுவனத்திலோ பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் நகலைக் காட்டி, உங்களுக்குப் பழகிய செக்கை எழுதிக் கொடுத்தே டாலர் வாங்கலாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் போங்கள், நம் பக்கத்துக் கிளைகளில் நோட்டு கைவசம் இருக்காது, வரவழைத்துத் தர வேண்டியிருக்கும். ஒரு பயணத்துக்கு ஆளுக்கு 3,000 டாலர் வரை நோட்டாக வாங்க அனுமதி உண்டு, உங்கள் தேவை அதில் கால்வாசிகூட இல்லை. ஐம்பது, இருபது, பத்து என்று கலந்து கேளுங்கள். கிழிசல், பேனாக் கிறுக்கல், ஸ்டேப்ளர் ஓட்டை இருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். நாம் நோட்டில் கணக்கு எழுதிப் பழகிவிட்டோம், புக்கெட்டில் கிறுக்கல் நோட்டை வாங்க மறுப்பார்கள்.

நம் கடற்கரையில் ஒரு பழக்கம் இருக்கிறது, தெருவில் யாராவது குருவியாகப் போய் வருகிறவர் இருப்பார், பில் இல்லாமல் சிங்கப்பூர் டாலர் தருகிறேன், ரேட்டும் குறைவு என்பார். தெரிந்த ஆள்தான், நல்ல மனிதர்தான். ஆனாலும் வேண்டாம். அது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம். திருச்சி விமான நிலையத்தில் யாராவது இந்த நோட்டு எங்கே வாங்கியது என்று கேட்டால் காட்ட உங்களிடம் ஒரு சீட்டும் இருக்காது. பென்ஷன் வாங்கும் அரசு ஊழியர் நீங்கள், நானூறு டாலருக்காக அந்த நிலைமை எதற்கு? தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய காலத்திலேயே, 1964 புயலுக்கு முன்பு, அங்கே சுங்க அலுவலகம் இருந்தது. கடல் தாண்டுகிற பணத்துக்குக் கணக்கு கேட்பது நம் கரைக்குப் புதிதில்லை.

இந்திய ரூபாய் ஆளுக்கு 25,000 வரை கையில் கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வரலாம். கப்பலில் அது செல்லாது, ஆனால் திரும்பி வந்து திருச்சியிலிருந்து ஊர் போக வேண்டுமே, அதற்காக ஐயாயிரம் வையுங்கள்.

கரைப் பணத்தை ராமநாதபுரத்தில் தேடி அலைய வேண்டாம். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா, முஸ்தபா கடைப் பக்கம் பணமாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கும், பாதிக் கடையில் நம் பேச்சுத் தமிழே கேட்கும். அங்கே ஆளுக்கு நூறு மலேசிய ரிங்கிட்டும் ஆயிரம் தாய்லாந்து பாட்டும் வாங்கினால் போதும். கப்பலிலும் மாற்றித் தருவார்கள், ரேட் மோசம். பினாங்கில் கப்பல் ஊருக்குள்ளேயே, ஸ்வெட்டன்ஹாம் துறையில் கட்டும், இறங்கி நடந்தால் அங்குள்ள லிட்டில் இந்தியாவுக்குப் போய்விடலாம், டாக்ஸிச் செலவுகூட இல்லை. புக்கெட்டில் பல கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு, நம் வத்தையை விடக் கொஞ்சம் பெரிய படகில் கரைக்கு இறக்கும். படகில் ஏறும்போது கையில் பர்ஸ் வேண்டாம், இரண்டு கையும் பிடிமானத்துக்கு வேண்டும், அன்றைய செலவுப் பணத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். மீதிப் பணம் அறையில் இருக்கும் சின்ன லாக்கரில். அதற்கு எண் நீங்களே போட வேண்டும், பிறந்த வருடத்தைப் போடாதீர்கள்.

கணக்கைப் பார்ப்பது முக்கியம், அதில் சோம்பல் கூடாது. இரண்டாம் நாள் இரவே கவுண்டருக்குப் போய் கணக்கின் அச்சுப் பிரதி கேளுங்கள். அறை டிவியிலும் பார்க்கலாம், ஆனால் உங்களுக்குக் காகிதம்தான் வசதி, கேட்டால் கொடுப்பார்கள். ஒவ்வொரு வரியையும் படியுங்கள். நான் இருந்த ஒரு கப்பலில் அறை எண்ணில் ஒரு இலக்கம் மாறி, மதுவே தொடாத குடும்பத்தின் கணக்கில் 90 டாலருக்கு ஒயின் ஏறியிருந்தது. அவர்கள் மறுநாளே வந்ததால் கையெழுத்துச் சீட்டை எடுத்துப் பார்த்து ஐந்து நிமிடத்தில் கழித்துக் கொடுத்தோம். இதே தவறுக்குக் கடைசி இரவு வருகிறவர்கள் ஒரு மணி நேரம் நிற்பார்கள், வரிசை மாடிப்படி வரை போகும், பின்னால் இருப்பவர்கள் முறைப்பார்கள், பலர் போனால் போகட்டும் என்று கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஏறிய முதல் நாள் மதியமும் கடைசி இரவும் கவுண்டரில் கூட்டம் அலைமோதும். எல்லோரும் கரைக்குப் போயிருக்கும் நேரத்திலோ இரவுச் சாப்பாட்டு நேரத்திலோ போனால் ஈ ஆடாது, அங்கே இருக்கிறவர்களும் பொறுமையாகப் பேசுவார்கள்.

நாத்தனாரின் கப்பல் கார்டையும் உங்கள் முன்பணக் கணக்கோடு சேர்க்கச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் தனியாகக் கட்ட வேண்டிவரும். கார்டு தொலைந்தால் அந்த நிமிடமே கவுண்டரில் சொல்லுங்கள், பழையதை அடைத்துப் புதிது தருவார்கள்.

போனைப் பற்றி ஒன்று. கடலில் கப்பலின் சொந்த டவர் பிடிக்கும், அதில் ஒரு நிமிடம் பேசினாலும் பில் எகிறும். கப்பல் நகர்ந்ததும் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். அப்படிப் போட்டால் வங்கி ஓடிபி வராது, ஆகையால் ஓடிபி வேண்டிய எந்த வேலையையும், கார்டில் பணம் ஏற்றுவது உட்பட, கரையிலேயே முடித்துவிட்டு ஏறுங்கள். கூகுள் பே கப்பலில் வேலை செய்யுமா என்று உங்கள் வீட்டுக்காரர் கட்டாயம் கேட்பார். அதை நம்பிப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு மிச்ச டாலரை 180 நாளுக்குள் வங்கியில் கொடுத்து ரூபாயாக்க வேண்டும், 2,000 டாலர் வரை அடுத்த பயணத்துக்கென்று கையிலேயே வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. சில்லறைக் காசை எங்கேயும் மாற்ற மாட்டார்கள், சிங்கப்பூர்க் காசை மகளிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏதோ ஓரிடத்தில் மருமகன் உங்களுக்கு முந்திப் பணம் கட்டிவிடுவார், டாக்டர் செலவு வந்தாலும் அவர்கள் கார்டுதான் போகும். மனதில் வைத்துக்கொண்டு வருந்த வேண்டாம். மகளுக்கு இந்தியாவில் என்ஆர்ஓ கணக்கு, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர்கள் இங்கே வரும் ரூபாய்க்காக வைத்துக்கொள்ளும் கணக்கு, இருக்கிறதா என்று கேளுங்கள், வெளிநாட்டில் இருக்கும் பலருக்கு இருக்கும். அந்தக் கணக்குக்கு நீங்கள் ரூபாயில் கிராஸ் செய்த செக் எழுதி, பெற்ற மகளுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கலாம், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு, பெற்றோர் கொடுப்பதால் மகளுக்கு வருமான வரியும் கிடையாது. வெளிநாட்டில் சம்பாதித்ததை அனுப்பிப் போடும் என்ஆர்இ கணக்கில் நம் ரூபாய்ச் செக்கைப் போட முடியாது, என்ஆர்ஓதான், எழுதும் முன் மகளிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். அவர்களிடம் செக்கைக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். கணக்கு எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள், ஊருக்கு வந்து உங்கள் கிளையிலேயே போட்டுவிடலாம்.